கனடா விண்ணப்பமும் வழக்கறிஞர் துணையும்

தமிழகத்தை விட்டு வேறு மாநிலங்களில் வாழும் நம்மவருக்கு ஊர் பெயர்வது புதிதன்று. மாட்டுங்காவிலும் கரோல்பாகிலும் அல்சூரிலும் இரண்டு மூன்று தலைமுறைகளாகக் குடித்தனம் நடத்தும் குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. அக்குடும்பங்களின் இளைஞர் பலர் இப்பொழுது கடல் கடந்து, குறிப்பாகக் கனடா நாட்டில், நிலையாகக் குடியேற விரும்புகின்றனர். மும்பைக்குப் பெயர்வதற்கு ஒரு ரயில் சீட்டுப் போதும். கனடாவுக்கோ ஒரு விண்ணப்பம் வேண்டும். அவ்விண்ணப்பத்தில் சொல்லிய ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம் சாட்சியாக நிற்க வேண்டும். இவ்வேலைக்கு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளலாமா, அமர்த்தினால் அவர் எதைச் செய்வார், எதைச் செய்ய மாட்டார் என்பதை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே நமது நோக்கம்.

கனடாவின் வாசல் இந்தியருக்கு எப்பொழுதும் திறந்திருந்ததில்லை. 1914ஆம் ஆண்டு மே மாதம் கோமகாட்டா மாரு என்னும் கப்பல் 376 இந்தியருடன் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது. பெரும்பாலோர் பஞ்சாபியர். அவர்கள் சார்பில் பெர்டு என்னும் வழக்கறிஞர் நீதிமன்றம் ஏறி வாதாடினார். ஆயினும் சட்டமே அவர்களுக்கு எதிராக இருந்தது. மிகச் சிலரைத் தவிர மற்றவரையெல்லாம் ஏற்றிக்கொண்டு ஜூலை 23ஆம் நாள் அக்கப்பல் திரும்ப நேரிட்டது. 2016ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் இதற்காக மன்னிப்புக் கோரினார். இனத்தைப் பாராமல், கல்வியையும் தொழிலையும் மொழியறிவையும் பார்த்து மதிப்பெண் இடும் முறை 1967ஆம் ஆண்டில்தான் வந்தது. இன்றைய முறை அதன் வழித்தோன்றலே.

தொழில் தேர்ந்தோர் திட்டத்தில் விண்ணப்பிப்பவர் முதலில் ஆறு இனங்களில் 100க்கு 67 மதிப்பெண்ணாவது பெற வேண்டும். மொழிக்கு 28, கல்விக்கு 25, தொழில் அனுபவத்துக்கு 15, வயதுக்கு 12, முன்னரே உறுதியான வேலைக்கு 10, அந்நாட்டோடு இணங்கி வாழும் வாய்ப்புக்கு 10 என்பது கணக்கு. இதில் தேறினால் 2015 ஜனவரியில் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்னும் ஏற்பாட்டில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். பதிவதற்குக் கட்டணம் இல்லை. அங்கே 1,200 மதிப்பெண் அளவுள்ள வேறொரு கணக்கு உண்டு. மேல்வரிசையில் இருப்போருக்கு அவ்வப்போது அழைப்பு விடுப்பார்கள். அழைப்பு வந்த 60 நாட்களுக்குள் முழு விண்ணப்பத்தையும் சான்றுகளோடு அனுப்பிவிட வேண்டும்.

67 வாங்கிவிட்டோம், இனிக் கப்பல் ஏற வேண்டியதுதான் என்று எண்ணுவோர் உளர். அது நுழைவுச் சீட்டு மட்டுமே. உள்ளே போட்டி கடுமையானது. இரண்டாவது கணக்கில் வயதுக்குரிய மதிப்பெண் முப்பதாம் வயதிலிருந்து குறையத் தொடங்கி நாற்பத்தைந்தில் ஒன்றுமில்லாது போகும். 2023 முதல் குறிப்பிட்ட தொழிலினருக்கும் பிரெஞ்சு மொழி அறிந்தோருக்கும் தனித்தனி அழைப்புகள் விடுக்கப்பட்டன. வேலைக் கடிதத்துக்கென இக்கணக்கில் அளித்துவந்த மதிப்பெண்ணை 2025 மார்ச்சு 25 முதல் நீக்கிவிட்டனர். அவ்வாண்டில் வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை மாகாண அரசுகளின் நியமனம் பெற்றோருக்கும், கனடாவிலேயே பணியாற்றியவர்களுக்கும், பிரெஞ்சு அறிந்தோருக்கும், மருத்துவத் துறையினருக்கும் சென்றன. புனேயிலோ குருகிராமத்திலோ அமர்ந்துகொண்டு விண்ணப்பிக்கும் ஒரு கணக்காளரிடம் இதனை ஒளிக்காமல் சொல்பவரே நல்ல வழக்கறிஞர். “உங்களுக்கு இப்பொழுது வாய்ப்புக் குறைவு” என்று முதல் நாளே சொல்லிக் கட்டணத்தை இழக்கத் துணிந்தவரை நம்பலாம் என்பது நம் எண்ணம்.

வழக்கறிஞர் என்று யாரைச் சொல்கிறோம்? கனடாவின் குடிவரவுச் சட்டத்தின் 91ஆம் பிரிவு இதனைத் தெளிவாக வரையறுக்கின்றது. பணம் பெற்றுக்கொண்டு ஆலோசனை கூறவும் விண்ணப்பதாரரின் சார்பில் நடக்கவும் உரிமை பெற்றோர் இவர்களே: கனடாவின் மாகாணச் சட்டச் சங்கங்களில் உறுப்பினரான வழக்கறிஞர் முதலியோர், கியூபெக் மாகாண நோட்டரிகள், 2021 நவம்பரில் செயற்படத் தொடங்கிய குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் உரிமம் பெற்ற ஆலோசகர்கள். நம் நாட்டு உயர்நீதிமன்றத்தில் புகழோடு வாதாடுபவரேயாயினும், இவ்வகைகளில் ஒன்றைச் சேராவிடில் இவ்விஷயத்தில் கூலி பெற்று அவர் பிரதிநிதியாக முடியாது. பெயர்ப் பலகையில் கனடாக் கொடி வரைந்திருப்பது உரிமம் ஆகாது. அச்சட்டச் சங்கங்களும் ஆலோசகர் கல்லூரியும் தம் உறுப்பினர் பட்டியலை யாவரும் காண வெளியிட்டுள்ளன. பணம் கொடுப்பதற்கு முன் அதில் பெயரைத் தேடிப் பார்ப்பதற்குக் கால் மணி நேரம் போதும்.

பிரதிநிதியை அமர்த்தியதைத் தனிப் படிவத்தில் அறிவித்துக் கையொப்பமிட வேண்டும். கூலியின்றி உதவும் உறவினரும் இவ்வாறு அறிவிக்கப்பட வேண்டியவரே. “என் பெயரைப் போட வேண்டாம், நீங்களே அனுப்பியதாக இருக்கட்டும்” என்று கூறும் முகவர் எவராயினும் அவரிடமிருந்து விலகி நிற்பது நலம். பின்னர்த் தவறு வெளிப்பட்டால் ஏட்டில் இருப்பது உங்கள் பெயர் மட்டுமே.

வழக்கறிஞரின் முதல் வேலை படிவம் நிரப்புவதன்று, கேள்வி கேட்பது. கணவன் மனைவி இருவரில் யார் தலைமை விண்ணப்பதாரராக நிற்பது என்பதை அவர் கணக்கிட்டுப் பார்ப்பார். கணவரே நிற்க வேண்டும் என்ற விதி ஏதும் இல்லை. மனைவிக்கு வயது குறைவாகவும் ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் மிகுதியாகவும் இருப்பின் அவரை முன்னிறுத்துவதே நலமாகலாம். அடுத்து, பார்த்த வேலை கனடாவின் தொழிற் பகுப்பில் எந்த எண்ணின்கீழ் வரும் என்று ஆராய்வார். நம் நாட்டு நிறுவனங்களில் மேனேஜர் என்னும் பட்டம் தாராளமாக வழங்கப்படுகின்றது. கனடா அதிகாரி பட்டத்தைப் பார்ப்பதில்லை. அன்றாடம் செய்த பணியைப் பார்க்கிறார்.

அனுபவக் கடிதத்தில்தான் பலருக்குத் தொல்லை தொடங்குகின்றது. நிறுவனத்தின் தலைப்புத் தாளில், பதவி, பணிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஊதியம், சேர்ந்த நாள், விலகிய நாள் யாவும் குறித்து மேலதிகாரி கையொப்பமிட்ட கடிதத்தை அவர்கள் கேட்கிறார்கள். நம்மிடம் இருப்பதோ, இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை பணியாற்றினார், அவர் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம் என்னும் நான்கு வரி விடுவிப்புக் கடிதம். சில நிறுவனங்கள் இதற்கு மேல் எழுதித் தர மறுக்கும். சில மூடப்பட்டே போயிருக்கும். இங்கே வழக்கறிஞரின் அனுபவம் பெரிதும் உதவும். ஊதியச் சீட்டுகள், வருமான வரிக்குரிய 16ஆம் எண் படிவம், வங்கிக் கணக்கு, உடன் பணியாற்றிய மேலதிகாரியின் உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றைத் தொகுத்து, கடிதம் கிடைக்காத காரணத்தை விளக்கும் குறிப்பு ஒன்றையும் அவர் இணைப்பார். அதிகாரி அதனை ஏற்றே தீர வேண்டும் என்பதில்லை. ஆயினும் வெறுங்கையோடு நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். சில முகவர்கள் கனடாவின் பகுப்பு நூலில் உள்ள வாசகங்களையே கடிதத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதச் சொல்கிறார்கள். அத்தகைய கடிதம் அதிகாரியின் ஐயத்தைக் கிளப்பவே பயன்படும்.

பல மாநிலங்களில் வாழ்ந்தவருக்கு மற்றொரு சுமையும் உண்டு. கும்பகோணத்தில் பிறந்து, மதுரையில் படித்து, ஐதராபாத்தில் வேலைக்குச் சேர்ந்து, புனேயில் திருமணத்தைப் பதிவு செய்து, தில்லியில் குடியிருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கடந்த 10 ஆண்டுகளில் வாழ்ந்த முகவரிகள் அனைத்தையும் ஒரு மாதமும் விடுபடாமல் அவர் எழுத வேண்டும். பட்டச் சான்றை மதிப்பிடும் நிறுவனத்துக்கு மதிப்பெண் பட்டியலை நேரே அனுப்பும்படி பல்கலைக்கழகத்தைக் கேட்டுப் பெற வேண்டும். பிறப்புச் சான்று தமிழில் இருக்கும். திருமணச் சான்று மராத்தியில் இருக்கும். இவற்றுக்கெல்லாம் ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழிப் பத்திரமும், மூலத்தின் சான்றிட்ட நகலும் தேவை. விண்ணப்பதாரரோ அவர் குடும்பத்தாரோ மொழிபெயர்த்தால் ஏற்கமாட்டார்கள். அக்குடும்ப உறுப்பினர் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரேயாயினும் இதுவே விதி. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இதில் சிறிது வருத்தம் உண்டென்றாலும், விதியில் நியாயம் இருப்பதை மறுக்க இயலாது.

பெயர் விஷயம் நம்மவருக்கே உரிய சிக்கல். தந்தையின் பெயரைத் தலையெழுத்தாகச் சுருக்கி வைப்பது நம் வழக்கம். பள்ளிச் சான்றில் தலையெழுத்து முன்னே நிற்கும். கடவுச்சீட்டில் அது விரிந்து தந்தை பெயராகிப் பின்னே போகும். வடநாட்டு அலுவலகத்தில் தந்தை பெயரையே குடும்பப் பெயராக்கி அழைத்திருப்பார்கள். மூன்றும் ஒருவரே என்பதை அயல்நாட்டு அதிகாரி தாமாக அறிய வழியில்லை. படிவத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத வேண்டும். அதில் குடும்பப் பெயர் இடம் வெறுமையாக இருப்பின், முழுப் பெயரையும் குடும்பப் பெயருக்குரிய கட்டத்தில் எழுதி, மற்றதை வெறுமையாக விட வேண்டும். மாறுபட்ட வடிவங்கள் யாவும் ஒருவரையே குறிப்பன என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் முன்கூட்டியே ஆயத்தமாக இருப்பது நல்லது.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான செய்தி. தவறான தகவல் தந்தாலும், தர வேண்டியதை மறைத்தாலும், அச்சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் கனடாவுக்குள் நுழையத் தடை விதிக்கலாம். நேரடியாகச் செய்தாலும் பிறர் வாயிலாகச் செய்தாலும் ஒன்றே என்பது அப்பிரிவின் கருத்து. முகவர் எழுதினார், நான் படித்துப் பார்க்கவில்லை என்னும் சமாதானம் பெரும்பாலும் எடுபடுவதில்லை. எப்பொழுதோ அமெரிக்க விசா மறுக்கப்பட்டதை, அது வேறு நாட்டு விவகாரம்தானே என்று சொல்லாமல் விடுவோர் உண்டு. படிவம் எந்த நாட்டு மறுப்பையும் சொல்லக் கேட்கிறது. மறுப்பினால் கெடுவது குறைவு. அதை மறைப்பதனால் கெடுவதே மிகுதி. உடன் வராத மனைவியையும் குழந்தையையும்கூடக் குறிப்பிட்டே ஆக வேண்டும். விட்டுவிட்டால் பின்னாளில் அவர்களை வரவழைப்பது பெருஞ்சிக்கலாகும். 2023ஆம் ஆண்டில் மாணவர் பலர், முகவர் கொடுத்த கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் போலியானது என்பதைக் கனடா சென்ற பின்னரே அறிந்து, நாடு கடத்தப்படும் நிலைக்கு ஆளாயினர். உண்மையான மாணவர்களைத் தனித்தனியே ஆராய்ந்து காக்க அரசு ஏற்பாடு செய்தது. அதற்குள் அக்குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமன்று.

விண்ணப்பம் சென்ற பின் அதிகாரிக்கு ஐயம் எழுந்தால், மறுப்பதற்கு முன் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதுவது உண்டு. வழக்கறிஞரின் அருமை அப்பொழுதுதான் தெரியும். குறித்த நாளுக்குள், ஐயத்தின் ஒவ்வொரு கூறுக்கும் சான்றோடு விடையளிக்க வேண்டும். கெஞ்சி எழுதுவதால் பயனில்லை. மறுக்கப்பட்டால் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மறு ஆய்வுக்கு அனுமதி கோரலாம். கனடாவுக்கு வெளியே செய்யப்பட்ட முடிவாயின் அதனை அறிந்த 60 நாட்களுக்குள் மனு கொடுக்க வேண்டும். நீதிமன்றம் அனுமதியை வழங்கிவிடாது. முடிவு முறைகேடானது எனக் கண்டால் வேறோர் அதிகாரி ஆராயும்படி திருப்பி அனுப்பும். அந்நீதிமன்றத்தில் வாதாட ஆலோசகருக்கு உரிமை இல்லை, வழக்கறிஞருக்கே உண்டு.

கல்வியும் வேலையும் நேராக இருந்து, சான்றுகள் கைவசம் இருப்போர், பொறுமையோடு படிவத்தைப் படித்துத் தாமே அனுப்பலாம். அரசு வழக்கறிஞரைக் கட்டாயமாக்கவில்லை. அவரை அமர்த்தியதற்காகச் சலுகையும் காட்டுவதில்லை. பழைய விசா மறுப்பு, விவாகரத்து, தொழில் மாற்றம், காவல்துறை வழக்கு, வேலையில் இடைவெளி இவற்றில் ஏதேனும் இருப்பின் துணை தேடுவது அறிவுடைமை. அமர்த்தும்பொழுது எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும். எந்த வேலைக்கு எவ்வளவு கட்டணம், மறுக்கப்பட்டால் என்ன என்பது அதில் இருக்க வேண்டும். அனுப்புவதற்கு முன் முழு விண்ணப்பத்தையும் கேட்டு வாங்கி, கணவனும் மனைவியும் எதிரெதிரே அமர்ந்து, ஒவ்வொரு தேதியையும் கையிலுள்ள சான்றோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். அனுப்பிய பின் அதன் நகலும் அரசு தந்த ஒப்புகை எண்ணும் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும்.