ஒரு வேடத்துக்கு இருவர்

ஒரே நடிகர் அப்பாவாகவும் மகனாகவும் வருவது தமிழ் சினிமா நமக்குப் பழக்கிவிட்ட வித்தை. நாடக மேடையில் இதற்கு நேர்மாறான ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒரே வேடத்தை இரண்டு பேர் முழுதாகப் பாடம் செய்து, முறைவைத்து ஆளுக்கொரு நாள் நடிப்பார்கள். முக்கியப் பாத்திரங்கள் எல்லாவற்றுக்கும் இப்படி இரண்டிரண்டு பேரை நியமித்தால், ஒரு நாடகத்துக்கு இரண்டு அணிகள் உருவாகிவிடும். பெரிய ஓபரா அரங்குகளில் பாடகர்களின் தொண்டைக்கு ஓய்வு வேண்டும் என்பதற்காக இதைச் செய்கிறார்கள். ஊர்க்காரர்கள் சேர்ந்து போடும் நாடகங்களிலும் பள்ளி நாடகங்களிலும், நடிக்க விரும்புவோர் அதிகம், வேடங்கள் குறைவு என்பதால் செய்கிறார்கள். காரணம் எதுவானாலும், ஆள் கிடைக்காவிட்டால் உதவும் என்று வைத்துக்கொள்ளும் ஸ்டெப்னி போலத்தான் இரண்டாம் அணியைப் பலரும் நினைக்கிறார்கள். அந்த எண்ணம் தவறு. இரட்டை அணி என்பது நாடகத்தைக் கட்டும் ஒரு தனி முறை. அதைச் சரியாகச் செய்தால், ஊர் நாடகத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை.

முதலில் இதை மாற்று நடிகர் முறையிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். தொழில்முறை அரங்குகளில் நாயகனுக்குக் காய்ச்சல் வந்தால் மேடையேற ஒருவர் தயாராக இருப்பார். வசனம், பாட்டு, நகர்வு எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அந்த வேடம் அவருக்காக உருவானதல்ல. நாயகன் எங்கே நின்றாரோ அங்கே நிற்க வேண்டும், எந்த வேகத்தில் பேசினாரோ அந்த வேகத்தில் பேச வேண்டும். மற்ற நடிகர்களுக்கு இடைஞ்சல் தராமல் அன்றைய ஆட்டத்தைக் கரைசேர்ப்பதே அவர் வேலை. இரட்டை அணியில் அப்படி இல்லை. இருவருக்கும் ஒத்திகை நேரம் உண்டு, இருவருக்கும் முன்கூட்டியே குறித்த நாட்கள் உண்டு, இருவர் பெயரும் அறிவிப்பில் சம அளவில் இருக்கும். ஒருவரைப் பார்த்து மற்றவர் நகலெடுக்க வேண்டியதில்லை. ஆக, ஒரு பாத்திரத்துக்குள் எது மாறக்கூடாது, எது மாறலாம் என்பதை இயக்குநர் முன்னதாகவே முடிவு செய்தாக வேண்டும். இந்தக் கலையின் நுட்பம் முழுவதும் அந்த முடிவில்தான் இருக்கிறது.

உலகில் இதற்குக் கிடைக்கும் மிகப் பெரிய உதாரணம் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் ஓபராமர்காவ் என்ற கிராமம். 1633-இல் கொள்ளைநோய் தாக்கியபோது, நோய் நீங்கினால் பத்தாண்டுக்கு ஒருமுறை இயேசுவின் பாடுகளை நாடகமாக நடத்துவோம் என்று ஊரார் நேர்ந்துகொண்டார்கள். 1634-இல் முதல் நாடகம் அரங்கேறியது. சில தடங்கல்களைத் தவிர இன்றுவரை தொடர்கிறது. 2020-இல் நடக்கவேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய் 2022 மே முதல் அக்டோபர் வரை நடந்தது. ஐயாயிரத்துச் சொச்சம் மக்கள் வாழும் ஊரில் ஏறத்தாழ 1,800 பேர் மேடையேறினார்கள். அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது இருபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்பது நடிப்பதற்கான விதி. முந்தைய ஆண்டின் சாம்பல் புதன் அன்றிலிருந்து ஆண்கள் தலைமுடியும் தாடியும் வளர்க்க வேண்டும். ரோமானியப் படைவீரர்களாக வருவோருக்கு மட்டும் விலக்கு. ஒருகாலத்தில் இங்கே நாயக வேடம் ஒருவருக்கே உரியதாக இருந்தது. மண்பாண்டக் கலைஞரான ஆன்டன் லாங் 1900, 1910, 1922 ஆகிய மூன்று முறையும் இயேசுவாக நடித்து உலகப் புகழ் பெற்றார். 2022-இல் நிலைமை வேறு. முக்கியமான 21 பாத்திரங்களுக்கு 42 நடிகர்கள். இயேசுவாக நடித்த இருவரில் ஃபிரெடெரிக் மாயட் நாடகத்தின் செய்தித் தொடர்பாளர், ரோக்கஸ் ரூக்கல் விண்வெளிப் பொறியியல் மாணவர். ஐந்து மாதங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட நாட்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேர நாடகம். தொழிலும் படிப்பும் குடும்பமும் உள்ள ஒருவர் இத்தனையையும் தனியாகச் சுமந்தால், ஒன்று அவர் வேலையை விட வேண்டும், இல்லை நாடகம் தளர வேண்டும்.

இருவரைக் கொண்டு ஒரே நாடகத்தை எப்படிக் கட்டுகிறார்கள்? மேடையில் பொதுவானவை சில உண்டு. எந்த வசனத்தில் எந்தப் பக்கமிருந்து நுழைவது, எந்தச் சொல்லில் விளக்கு மாறும், எந்த இடத்தில் கூட்டம் விலகி வழிவிடும் என்பவை எல்லாம் மேடை நிர்வாகியின் பிரதியில் பதிவாகியிருக்கும். இவற்றை ஒருவர் தன் விருப்பத்துக்கு மாற்றினால், அவரோடு நிற்கும் நூறு பேரும் தடுமாறுவார்கள். தனிப்பட்டவையும் சில உண்டு. வசனத்தின் ஏற்ற இறக்கம், மௌனத்தின் நீளம், கோபத்தை முகத்தில் காட்டுவதா குரலில் காட்டுவதா என்பவை அந்தந்த நடிகருக்கு உரியவை. சிலுவைக் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். இயேசுவாக நடிப்பவர் ஏறத்தாழ இருபது நிமிடம் சிலுவையில் தொங்குகிறார். பார்வையாளர் கண்ணில் படாத இடுப்பு வார் அவர் எடையைத் தாங்குகிறது. சிலுவையை நிமிர்த்தும் வேகம், கீழே நிற்பவர்களின் இடம், இறக்கும் முறை எல்லாம் இரண்டு நாட்களிலும் ஒன்றே, ஏனென்றால் அவை பாதுகாப்பு சார்ந்தவை. ஆனால் வார் எங்கே இறுக வேண்டும், கை எவ்வளவு நீள வேண்டும், அந்த நிலையில் மூச்சு எத்தனை சொல்லுக்குத் தாங்கும் என்பதெல்லாம் உடலுக்கு உடல் வேறுபடும். மூச்சு வேறானால் கடைசி வார்த்தைகளின் இடைவெளியும் வேறாகிவிடும். அதை ஒரே அச்சில் வார்க்க முயன்றால், இருவரில் ஒருவர் பொய்யாக நடிக்க நேரும்.

இருவருக்குப் பகிர்ந்தால் ஆளுக்குப் பாதி ஒத்திகைதானே கிடைக்கும், வேடம் ஆழப்படாதே என்பது இம்முறைக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் குறை. இதில் நியாயம் இருக்கிறது. ஒருவருக்கான ஒத்திகை நேரத்தை அப்படியே இரண்டாகக் கிழித்துக் கொடுக்கும் குழுக்களில் இந்தக் குறை நிச்சயம் தெரியும். ஓபராமர்காவ் அதற்குக் காலத்தை விலையாகக் கொடுக்கிறது. 2020 மே மாதம் தொடங்கவிருந்த நாடகத்துக்கான நடிகர் பெயர்களை 2018 அக்டோபரிலேயே ஊர் கூடியிருக்கக் கரும்பலகையில் எழுதி அறிவித்தார்கள். ஒன்றரை ஆண்டு இடைவெளி. இதைவிட முக்கியமான ஒரு லாபமும் உண்டு. ஒரு நடிகர் தன் வேடத்தைப் பார்வையாளர் இருக்கும் திசையிலிருந்து பார்க்கவே முடியாது. இரட்டை அணியில் மட்டும் அது முடிகிறது. இணை நடிகர் மேடையில் நிற்கும்போது இவர் கீழே அமர்ந்து கவனிக்கிறார். எந்த இடத்தில் முகம் மறைகிறது, எந்த வசனம் பின்வரிசையை எட்டவில்லை, எந்த மௌனம் நீண்டு சலிப்பூட்டுகிறது என்பதெல்லாம் வேறு எந்த வழியிலும் கிட்டாத பாடம். பார்ப்பதையும் ஒத்திகையாகக் கணக்கிட்டால், பாதி என்ற கணக்கே மாறிவிடும்.

போட்டி வரும், ஒப்பீடு வரும், யார் முதல் அணி என்ற மனக்கசப்பு வரும் என்பது அடுத்த குறை. ஒப்பீடு வரத்தான் செய்யும். ஆனால் ஒப்பீடு நடிப்பைக் கெடுத்துவிடும் என்பதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. 1935-இல் லண்டனில் ஜான் கீல்குட்டும் லாரன்ஸ் ஒலிவியரும் ரோமியோ, மெர்க்கூஷியோ ஆகிய இரு வேடங்களையும் மாறி மாறி ஏற்றார்கள். கவிதையின் இசையை முன்வைத்த ஒரு ரோமியோவும், உடலின் வேகத்தை முன்வைத்த இன்னொரு ரோமியோவும் ஒரே நாடகத்தில் கிடைத்தார்கள். 2011-இல் டேனி பாயில் லண்டன் நேஷனல் தியேட்டரில் இயக்கிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாடகத்தில் பெனடிக்ட் கம்பர்பேட்சும் ஜானி லீ மில்லரும் விஞ்ஞானியாகவும் அவன் படைத்த உயிராகவும் முறைமாற்றி நடித்தார்கள். ஒலிவியர் விருது இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது. 'பில்லி எலியட்' இசை நாடகம் பிராட்வேயில் அரங்கேறியபோது நாயகச் சிறுவனின் வேடத்தை மூன்று பையன்கள் பகிர்ந்துகொண்டார்கள். 2009-இல் சிறந்த நடிகருக்கான டோனி விருதை மூவருக்கும் பொதுவாக வழங்கினார்கள். இவர்கள் தொழில்முறை நடிகர்கள், ஊர் நாடகக்காரர்களுக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும். சம மதிப்பு என்பதை நிர்வாகம் செயலில் காட்டினால் மனக்கசப்புக்கு இடமிருக்காது என்பதே இவற்றின் பாடம். 'முதல் அணி, இரண்டாம் அணி' என்று பெயரிட்டு, விடுமுறை நாட்களையும் முக்கிய விருந்தினர் வரும் நாளையும் ஓர் அணிக்கே ஒதுக்கினால் கசப்பு வராமல் என்ன செய்யும்?

பார்வையாளர் தரப்பிலிருந்தும் ஒரு கேள்வி எழும். காசு கொடுத்து வருபவருக்கு எந்த அணி அமையும் என்பது அதிர்ஷ்டமாகிவிடாதா? இரண்டில் ஒன்று தரம் குறைந்ததாக இருந்தால் மட்டுமே இந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு. அப்படி இருந்தால் குறை தேர்வில் இருக்கிறது, முறையில் இல்லை. இதைவிடக் கடினமானது நடிகர்களுக்கு இடையிலான இணக்கம் பற்றிய கேள்வி. யூதாஸும் இயேசுவும் எதிரெதிரே நிற்கும் கட்டத்தில் ஒருவர் கண்ணைப் பார்த்து மற்றவர் நடிக்கிறார். நாளுக்கு நாள் ஆள் மாறினால் அந்த உறவு எப்படி வளரும்? இதற்கு இரண்டு வழிகள் உண்டு. அணிகளைக் கலக்காமல் வைத்தால் இணக்கம் சீக்கிரம் கூடும், ஆனால் ஒருவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் மொத்த அணியும் ஆட்டம் காணும். கலந்து நடிக்கப் பழக்கினால் ஒத்திகை அதிகம் பிடிக்கும், ஆனால் எதிரே நிற்பவர் இன்று என்ன சொல்லப்போகிறார் என்று ஒவ்வொரு நாளும் உண்மையாகவே காதுகொடுத்துக் கேட்க வேண்டியிருக்கும். நீண்ட நாள் ஓடும் நாடகங்களில் நடிகர்கள் இயந்திரம்போல் வசனம் ஒப்பிக்கத் தொடங்குவது பெரிய நோய். கலப்பு முறை அதற்கு மருந்து.

நம் மரபுக்கும் இது அந்நியமல்ல. இலங்கையின் வட பகுதிக் கத்தோலிக்க நாட்டுக்கூத்துகளில் விடிய விடிய நீளும் ஆட்டத்தின்போது, ஒரே பாத்திரத்தை ஒருவருக்குப் பின் ஒருவராக ஏற்று ஆடும் வழக்கம் உண்டு. அங்கே ஓர் இரவுக்குள் பங்கிடுகிறார்கள், ஓபராமர்காவில் நாட்களுக்குள் பங்கிடுகிறார்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒன்று: வேடம் ஊருடையது, அதை ஏற்பவர் ஊரின் சார்பில் ஏற்கிறார். அதே சமயம் எல்லா நாடகத்துக்கும் இது ஏற்றதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டே நாள் நடக்கும் நாடகத்துக்கு இரண்டு அணி வைத்தால், ஒவ்வொருவரும் தடுமாறிக் கற்றுக்கொள்ளும் முதல் நாளோடு நின்றுவிடுவார்கள். தவறைத் திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு யாருக்கும் இருக்காது. எனவே ஆளுக்கு மூன்று நான்கு முறையாவது மேடை கிடைக்குமா, இருவருக்கும் தனித்தனி ஒத்திகை நேரம் இருக்கிறதா, பொதுவானவை எழுத்தில் பதிவாகியிருக்கின்றனவா என்ற மூன்று கேள்விகளுக்கும் 'ஆம்' என்று பதில் சொல்ல முடிந்த குழு துணிந்து இரட்டை அணி அமைக்கலாம். ஓர் அபூர்வ நடிகரை உருவாக்குவது தொழில்முறை அரங்கின் வேலையாக இருக்கட்டும். ஒரு பெரிய வேடத்தைத் தாங்கக்கூடியவர்கள் ஒருவருக்கு மேல் ஊரில் இருக்கிறார்கள் என்று நிரூபிப்பதுதான் ஊர் நாடகத்தின் வேலை. இரட்டை அணி அதைச் செய்கிறது, அடுத்த தலைமுறைக்கு வேடத்தைக் கற்றுத்தர இரண்டு ஆசிரியர்களையும் விட்டுச்செல்கிறது.