பியாங்யாங்கில் ஒலித்த வாத்தியங்கள்

அமெரிக்காவுக்கும் வடகொரியாவுக்கும் நடந்த யுத்தம் 1953 ஜூலை 27-ந் தேதி போர்நிறுத்தத்தோடு நின்றது. சமாதான உடன்படிக்கை என்பது இன்றுவரை கையெழுத்தாகவில்லை. அப்படியிருந்தும், 2008 பிப்ரவரி 26-ந் தேதி மாலை, பியாங்யாங் நகரின் நாடக சாலையொன்றில் அமெரிக்க தேசிய கீதம் முழங்கிற்று; சபையோர் எழுந்து நின்று கேட்டார்கள். மேடையின் இருபுறமும் இரு தேசத்துக் கொடிகளும் நின்றன. வாசித்தவர்கள், 1842-ல் ஸ்தாபிதமான நியூயார்க் பில்ஹார்மானிக் வாத்திய கோஷ்டியார்.

பெரிய வாத்திய கோஷ்டிகள் கடல் கடந்து பகை நாட்டுக்குச் செல்வது அதற்கு முன்பும் உண்டு. பாஸ்டன் கோஷ்டி 1956-ல் ருஷ்யாவுக்கும், பிலடெல்பியா கோஷ்டி 1973-ல் சீனாவுக்கும் சென்றன. ஆனால் அந்நாடுகளுடன் அமெரிக்கா யுத்த நிலையில் இருக்கவில்லை. பியாங்யாங் யாத்திரையின் விசேஷம் அதுவே.

2007 ஆகஸ்டில் அழைப்பு வந்தபோது கோஷ்டியின் தலைவராயிருந்தவர் ஜரின் மேத்தா. நமது பம்பாயிலே பிறந்தவர், ஜுபின் மேத்தாவின் இளைய சகோதரர். அவர் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. நேரில் சென்று பார்த்து, நிபந்தனைகளை வைத்தார். கச்சேரி வடகொரியா முழுவதும் ஒலிபரப்பாக வேண்டும். அந்நியப் பத்திரிகைக்காரர்களை அனுமதிக்க வேண்டும். கோஷ்டியிலுள்ள கொரிய வம்சத்தவர்க்கு யாதொரு தடையும் கூடாது. அமெரிக்க தேசிய கீதம் வாசிக்கப்படும். நாதம் சபையில் நன்கு பரவுமாறு மேடை சீர்செய்யப்பட வேண்டும். வக்கீல் தொழில் செய்பவன் எவனும் இந்தப் பட்டியலைக் கண்டு திருப்தியடைவான். பிரபுவின் அழைப்புக்குப் பல்லிளித்துக்கொண்டு ஓடும் வித்வானின் பேரம் அன்று இது. அத்தனை நிபந்தனைகளையும் வடகொரிய சர்க்கார் ஏற்றது.

தைபே, ஹாங்காங், ஷாங்காய், பெய்ஜிங் எனக் கச்சேரிகளை முடித்துக்கொண்டு, வாத்தியங்களுடன் கோஷ்டியார் 25-ந் தேதி பியாங்யாங் வந்திறங்கினர். மறுநாள் லோரின் மேஸல் நடத்திய கச்சேரியின் நடுநாயகம் த்வோர்ஷாக்கின் "புதிய உலகம்" என்னும் ஸிம்பனி. 1893-ல் அதை முதன்முதல் அரங்கேற்றியதும் இதே கோஷ்டிதான். அதை இயற்றியவரோ ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஆளுகைக்குட்பட்ட போஹிமியாவில் பிறந்தவர். நீக்ரோ ஜனங்களின் கீதங்களிலேதான் அமெரிக்க தேசிய சங்கீதத்துக்கு மூலதனம் இருக்கிறது என்று அமெரிக்கருக்கே எடுத்துச் சொன்னவர். பராதீன நாட்டில் பிறந்தவனுக்கு இது எளிதில் விளங்கும் போலும்! பின்னர் கெர்ஷ்வினின் "பாரிஸில் ஒரு அமெரிக்கர்" வந்தது. என்றாவது ஒருநாள் "பியாங்யாங்கில் அமெரிக்கர்கள்" என்றும் ஒன்று எழுதப்படலாம் என்று மேஸல் சபையோரிடம் கூறினார்.

பெர்ன்ஸ்டைனின் "காண்டீட்" முகப்பிசை வந்தபோது மேஸல் மேடையை விட்டு விலகிக்கொண்டார். அக்கோஷ்டியின் முன்னாள் தலைமை வித்வானான பெர்ன்ஸ்டைனின் ஞாபகார்த்தமாக, அதை நடத்துவோரின்றி வாசிப்பது அவர்கள் சம்பிரதாயம். தலைவன் கோலைப் பாராமல் ஒருவரையொருவர் செவியால் பற்றிக்கொண்டு வாசிக்கும் நூறு பேரை, தலைவன் முகம் பாராமல் ஏதும் நடவாத நாட்டின் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கொரியர் யாவர்க்கும் சொந்தமான "ஆரிராங்" நாட்டுப் பாட்டு. சபையோர் கைவீசி விடைகொடுத்தனர். வாசித்தவர்களில் சிலர் கண்கலங்கினர்.

கொடுங்கோன்மைக்கு இது அலங்காரம் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் சில கண்டித்தன. அக்கண்டனத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. பசித்த ஜனங்களையும் சிறைக்கூடங்களையும் மறைத்து நிற்கத் திரைச்சீலை தேடும் சர்க்கார் அது. ஆனால் திரைக்கு வெளியே ஒரு ஸ்வரமும் கேட்காதிருக்க வேண்டும் என்பது அந்தச் சர்க்காரின் விருப்பமேயன்றி வேறென்ன? நாடெங்கும் ஒலிபரப்பு வேண்டும் என்று மேத்தா கேட்டதன் பொருள் அதுதான். நாம் குறை சொல்வது வேறொன்றை. தன் ராஜாங்க இலாகாவே ஊக்கி அனுப்பிய கச்சேரியை, இது வெறும் கச்சேரியே என்று வெள்ளை மாளிகை கைகழுவிற்று. கிம் ஜாங் இல் சபைக்கு வரவேயில்லை. பேச வேண்டியவர்கள் பேசாமல், வயலின்காரரைத் தூது அனுப்பிவிட்டு ஒளிந்துகொண்டார்கள்! 2009-ல் ஆறு நாடுகளின் பேச்சுவார்த்தை முறிந்தது; அதே ஆண்டு மே மாதத்தில் வடகொரியா மீண்டும் அணுகுண்டுச் சோதனை நடத்திற்று. இதற்கு வாத்தியக்காரர் என்ன செய்வர்?

27-ந் தேதி காலையில் நடந்ததை ராஜதந்திரிகள் அதிகம் பேசவில்லை. நான்கு அமெரிக்கரும் நான்கு வடகொரியரும் ஒன்றாக உட்கார்ந்து மெண்டல்சனின் எண்மர் இசையை வாசித்தார்கள். வடகொரியரின் ஸிம்பனி கோஷ்டியை மேஸல் ஒத்திகை நடத்தினார். பிறகு அமெரிக்கர்கள் ஸியோலுக்குப் பறந்து, 28-ந் தேதி அங்கே பீத்தோவனின் ஐந்தாவது ஸிம்பனியை வாசித்தார்கள்.

நியூயார்க்குக்குப் பதில் விஜயம் நடக்கவேயில்லை. ஆயினும் 2012 மார்ச்சில் வடகொரியாவின் உன்ஹாசு கோஷ்டி பாரிஸ் நகரம் வந்து, பிரெஞ்சு வானொலிக் கோஷ்டியோடு கலந்து பிராம்ஸின் முதல் ஸிம்பனியை வாசித்தது. நடத்தியவர், ஸியோலில் பிறந்த தென்கொரியரான சுங் மியுங் வுன்.