40,000 ரூபாய் டிவி, 5 வருஷத்துல 1,11,400 ரூபாய் ஆகுறது எப்படி?



"போனஸ் வந்திருக்கு, ஊர்ல அப்பா அம்மாவுக்கு ஒரு பெரிய ஸ்மார்ட் டிவி வாங்கித் தரலாம்னு இருக்கேன். எது வாங்கலாம்?" தீபாவளி நெருங்கினாலே நமக்கு வர்ற கேள்வி இது. எந்த பிராண்ட்னு சொல்றது என் வேலை இல்லை. ஆனா ஒரு ஆடிட்டரா, இதுக்குப் பின்னாடி இருக்கிற கணக்கைச் சொல்ல முடியும். வாங்க பார்க்கலாம்.

1. பெருசா இருந்தா நல்லதுன்னு அர்த்தம் இல்லை

சோபாவுக்கும் டிவிக்கும் நடுவுல எத்தனை அடின்னு முதல்ல டேப் வெச்சு அளங்க. அதை இன்ச்சுக்கு மாத்தி, 2-ஆல் வகுங்க. 8 அடின்னா 96 இன்ச், பாதி 48. அப்போ 43-ல இருந்து 55 இன்ச்சுக்குள்ள போதும்.

அடுத்து, வீட்ல என்ன பார்க்கிறாங்க? அம்மா சீரியலும் அப்பா நியூஸும் சாதாரண எஸ்டி செட்டாப் பாக்ஸ்ல பார்க்கிறாங்கன்னா, 55 இன்ச் 4கே டிவியில அந்தப் படம் மங்கலாத்தான் தெரியும். 12,000 ரூபாய் கூடுதலா கொடுத்து பெரிய டிவி எடுக்கிறதைவிட, 43 இன்ச் எடுத்துட்டு செட்டாப் பாக்ஸை எச்டிக்கு மாத்துறது புத்திசாலித்தனம்.

இன்னொரு விஷயம். இப்போ இருக்கிற டிவி நல்லா ஓடுது, பின்னாடி எச்டிஎம்ஐ போர்ட் இருக்குன்னா, சில ஆயிரம் ரூபாய்ல ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கிச் சொருகினாலே அது ஸ்மார்ட் டிவிதான்.

2. ஆஃபரா, வரிக் குறைப்பா?

32 இன்ச்சுக்கு மேல இருக்கிற டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமா இருந்தது. 2025 செப்டம்பர் 22-ல இருந்து அது 18 சதவீதம். வரிக்கு முன்னாடி விலை 35,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. பழைய கணக்குல 44,800. புது கணக்குல 41,300. யாராவது 44,800-ஐ அடிச்சிட்டு "3,500 ரூபாய் தள்ளுபடி"ன்னு போட்டிருந்தா, அது கடைக்காரர் கொடுத்த தள்ளுபடி இல்லை. வரி குறைஞ்ச பணம், அவ்வளவுதான். அதுக்கு மேல என்ன குறைக்கிறாங்கன்னு கேளுங்க.

3. நோ காஸ்ட் இஎம்ஐ-ல காஸ்ட் எங்க இருக்கு?

வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே சுற்றறிக்கையில சொல்லிடுச்சு. நடைமுறையில என்ன நடக்குதுன்னா, வட்டிக்குச் சமமான தொகையை விலையில தள்ளுபடியா காட்டிட்டு, அதே வட்டியை மாசா மாசம் உங்ககிட்ட வாங்குறாங்க.

40,000 ரூபாய் டிவி, கிரெடிட் கார்டுல 12 மாசம், 15 சதவீத வட்டின்னு ஒரு உதாரணம் எடுத்துக்குவோம்:

- மாசத் தவணை 3,333 ரூபாய். இதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற மொத்த வட்டி சுமார் 3,070 ரூபாய்.
- அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி: சுமார் 552 ரூபாய். இது உங்க கைக்காசு.
- பிராசஸிங் கட்டணம் 199-ன்னா, வரியோட 235 ரூபாய்.
- மொத்தமா பணம் கொடுத்தா கடையில 2,000 ரூபாய் குறைப்பாங்கன்னா, அதையும் இழக்கிறீங்க.

கூட்டினா 2,787 ரூபாய். 38,000-க்குக் கிடைக்க வேண்டிய டிவிக்கு நீங்க கொடுக்கிற உண்மையான வட்டி வருஷத்துக்கு 13 சதவீதத்துக்கு மேல. அதனால கடைக்குள்ள போனதும் முதல் கேள்வி, "இஎம்ஐ இல்லாம இப்பவே முழுசா கட்டினா கடைசி விலை என்ன?"

4. டிவி வந்த பிறகு ஆரம்பிக்கிற செலவு

தலைப்புல சொன்ன கணக்கு இதுதான். ஓடிடி எல்லாம் சேர்த்து மாசம் 600 ரூபாய்னு வெச்சா, 5 வருஷத்துக்கு 36,000. ஊர் வீட்ல புதுசா பிராட்பேண்ட் போடணும். மாசம் 500, வரியோட 590. அது 35,400. டிவி 40,000. மொத்தம் 1,11,400 ரூபாய். இதை யார் கட்டப் போறாங்க, நீங்களா, அப்பாவோட பென்ஷனா? வாங்குறதுக்கு முன்னாடியே வீட்ல பேசிடுங்க.

கரண்ட் செலவு பயப்படுற அளவுக்கு இல்லை. 100 வாட் டிவி தினம் 5 மணி நேரம் ஓடினா அரை யூனிட். ரெண்டு மாச பில்லுல 30 யூனிட்.

ஓடிடி-ல பிளானைப் பார்த்து எடுங்க. நெட்ஃபிளிக்ஸ் மொபைல் பிளான் டிவியில ஓடாது. 4கே வேணும்னா அவங்களோட பிரீமியம் பிளான்தான். ஆட்டோபே போட்டிருந்தா, பணம் எடுக்கிறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி உங்களுக்கு அறிவிப்பு வரணும்ங்கிறது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜைத் தள்ளிவிடாதீங்க. பார்க்காத சந்தாவை அன்னிக்கே நிறுத்துங்க.

5. பெட்டியைப் பிரிச்ச அன்னிக்கு ஒரு மணி நேரம்

பல வீட்ல பணம் வீணாகிறது இங்கதான். டிவியை மாட்டிட்டு நீங்க பெங்களூருக்கு பஸ் ஏறிடுவீங்க. அடுத்த நாள் அம்மா, "சன் டிவி எங்க வருதுன்னே தெரியலப்பா"ன்னு போன் பண்ணுவாங்க. ஒரு மாசத்துல பழைய டிவி திரும்ப ஹாலுக்கு வந்துடும். அதனால கிளம்புறதுக்கு முன்னாடி:

- ஸ்டோர் மோட்ல இருந்தா ஹோம் மோடுக்கு மாத்துங்க. கடை வெளிச்சம் வீட்டுக்கு வேண்டாம், கரண்டும் மிச்சம்.
- ஆன் பண்ணினதும் நேரா செட்டாப் பாக்ஸ் வர்ற மாதிரி செட் பண்ணுங்க. எச்டிஎம்ஐ சிஇசி வசதியை ஆன் பண்ணினா, பெரும்பாலும் ஒரே ரிமோட்டுல வேலை முடியும்.
- பர்ச்சேஸுக்கு பின் நம்பர் போடுங்க. பேரக் குழந்தைகள் விளையாட்டா அமுக்கினாலும் கார்டுல பணம் போகாது. குழந்தைகளுக்குத் தனி புரொஃபைல் வைங்க.
- நீங்க என்ன பார்க்கிறீங்கன்னு டிவி கவனிக்கிற வசதியை பிரைவசி செட்டிங்ல ஆஃப் பண்ணுங்க. அமெரிக்காவுல 1.1 கோடி டிவியில அனுமதி கேட்காம இந்தத் தகவலைச் சேகரிச்ச வழக்குல, விசியோ நிறுவனம் 2017-ல 22 லட்சம் டாலர் கட்டி சமரசம் பண்ணிக்கிச்சு.
- பில், சீரியல் நம்பர், வாரண்டி கார்டு மூணையும் போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்புல போடுங்க.
- கடைசியா, ரிமோட்டை அம்மா கையில கொடுத்து, நீங்க வாயே திறக்காம அவங்களையே ரெண்டு தடவை சேனல் மாத்தச் சொல்லுங்க. அவங்களால முடிஞ்சாதான் செட்டிங் முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

சரி, இப்போ வாங்கலாமா?

மூணு மாசச் செலவுக்கான அவசர நிதி தனியா இருக்கு, டிவியை முழுப் பணம் கொடுத்து வாங்க முடியும், மாசாமாசம் வர்ற 1,190 ரூபாய் உங்க பட்ஜெட்ல இடிக்காதுன்னா, தாராளமா வாங்குங்க. அப்பா அம்மா ஹால்ல உட்கார்ந்து நிம்மதியா படம் பார்க்கிறதும் நாம சம்பாதிக்கிறதுக்கு ஒரு காரணம்தானே. இதுல ஒண்ணு இல்லைன்னாலும், அடுத்த பொங்கல் ஆஃபர் வரைக்கும் மாசம் ஒரு தொகையை ஆர்டியில போட்டு வைங்க. டிவி எங்கயும் ஓடிப் போகாது.

உங்க வீட்டு டிவி கணக்கு எவ்வளவு வருதுன்னு போட்டுப் பார்த்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!