என்பு வளர இடந்தரும் பீங்கான்

முறிந்த என்பு தானே பொருந்தும் இயல்பினது. ஆயின், நோயாலோ விபத்தாலோ அதன் ஒரு பகுதி முற்றாக அகன்றுவிடின், இடைவெளியைக் கடந்து இரு முனைகளும் கூடுதல் அரிது. இடுப்பென்பிற் சிறிது அரிந்தெடுத்து அவ்விடத்தை நிரப்புதல் மருத்துவர் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் முறை. ஒரு புண்ணை ஆற்ற மற்றொரு புண் வேண்டியிருத்தல் அதன் குறை. எடுக்கத்தக்க என்பும் சிறிதே. இதனாலேயே என்பையொத்த பொருளைச் சூளையிற் சுட்டு ஆக்கும் முயற்சி எழுந்தது.

என்பின் நிறையில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு கனிப்பொருளாகும். அது கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த ஐதரொட்சியப்பற்றைற்று என்பதன் இனத்தது. அதனை ஆய்கூடத்தில் ஆக்குதல் எளிது. அதனுள்ளே வெளியை ஆக்குதலே கடினம். செறிந்த கட்டியாக வைப்பின், என்பு புறத்தே ஒட்டி நிற்குமேயன்றி உட்புகாது. துளைகள் ஏறத்தாழ 100 மைக்கிரோமீற்றருக்குக் குறையாதிருத்தல் வேண்டும். அதனினும் முக்கியமாக, ஒன்றோடொன்று தொடர்புற்றிருத்தல் வேண்டும். வாயிலில்லா அறைகள் எத்துணை இருந்தென்ன? குருதிக்குழாய் நுழைய வழியில்லையே.

துளையாக்கும் முறைகளுட் பஞ்சு முறை மிக எளியது. 1963ஆம் ஆண்டில் சுவாட்சுவால்டர், சோமர்ஸ் என்னும் இருவர் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்ற இம்முறை, என்பைக் கருதி எழுந்ததன்று. பொலியூரிதேன் பஞ்சைக் கனிப்பொருட் குழம்பிலே தோய்த்து, மிகையைப் பிழிந்து நீக்கி, உலர்த்திச் சுடுவர். மெல்லச் சூடேற்றப் பஞ்சு எரிந்தகலும். அவசரப்படின், எழும் வாயு பூச்சை வெடிக்கச் செய்யும். பின்னர் 1200 பாகை சதமவளவையை அடுத்த வெப்பநிலையில் துகள்கள் ஒன்றாய் இறுகும். எனினும், எரிந்த இழைகள் இருந்தவிடம் புழையாய் எஞ்சுதலால் அச்சட்டகம் நொய்தாகும்.

இயற்கை ஆக்கிய துளைகளையே பயன்கொண்டோரும் உளர். 1974இல் உரோய், லினஹன் என்போர், நம் கரையோரங்களிற் சுண்ணாம்புக்காகச் சுடப்பட்டுவந்த முருகைக்கல்லையே எடுத்துக்கொண்டனர். அது கல்சியங்காபனேற்றாலானது. அமோனியம் பொசுபேற்றுக் கரைசலோடு உயர் அழுத்தத்திற் சூடாக்கியபோது, காபனேற்று நீங்கிப் பொசுபேற்று அவ்விடம் புகுந்தது, துளையமைப்போ குலையவில்லை. இத்துறையில் இதனினும் நுட்பமான சிந்தனையை யான் அறியேன்.

துளை மிக மிக வலிமை குறையும். ஆதலின், உடற்சுமை தாங்கும் தொடையென்பிற் பெரும் இடைவெளியை நிரப்புகையில், உலோகத் தகடோ கோலோ துணைநிற்றல் வேண்டும். கரையும் வேகமும் நோக்கற்பாலது. ஐதரொட்சியப்பற்றைற்று பல்லாண்டு அழியாதிருக்கும். முக்கல்சியம் பொசுபேற்று விரைவிற் கரையும். புதிய என்பு வளருமுன் சட்டகம் கரைந்துவிடின் பயனில்லை. கரையாதே நிற்பின், புதிய என்புக்குரிய இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். ஆகவே இரண்டையுங் கலந்து சுட்டு, அக்கலவையின் விகிதத்தாற் கரையும் வேகத்தை வேண்டியவாறு அமைக்கின்றனர்.