சிறிய எஞ்சினா, பெரிய எஞ்சினா? – தேவைக்கேற்ற எஞ்சினைத் தெரிவுசெய்தல்

எஞ்சின் பற்றிய வினாக்களில் மாணவர்கள் புள்ளிகளை இழப்பது பெரும்பாலும் கணித்தலில் அல்ல, காரணம் கூறுவதிலேயாகும். "இத்தேவைக்கு எந்த எஞ்சின் பொருத்தமானது? காரணம் தருக" எனக் கேட்கப்பட்டால், "பெரியது, ஏனெனில் வலு கூடியது" என ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகின்றனர். அந்த ஒரு வரிக்குப் புள்ளி கிடைப்பதில்லை.

களுதாவளையில் வெற்றிலையோ மரக்கறியோ பயிரிடும் வீட்டில் நீங்கள் வளர்ந்திருந்தால் இதே வினாவை வீட்டு முற்றத்திலும் கேட்டிருப்பீர்கள். பழைய நீர்ப்பம்பி பழுதடைந்து புதியது வாங்கவேண்டி வரும்போது, "இந்த முறை கொஞ்சம் பெரிசா எடுப்பமா?" என்ற பேச்சு எழும். அதற்கு விடை சொல்லும் முன் கொள்ளளவு என்றால் என்னவென்று தெளிவாக விளங்கிக்கொள்வோம்.

கொள்ளளவு

முசலம் உருளையின் மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லைவரை நகரும்போது அடைக்கும் கனவளவே கொள்ளளவாகும். உருளையின் துளைவிட்டத்தின் வர்க்கத்தை 22/7 ஆல் பெருக்கி, 4 ஆல் வகுத்து, அடிப்பு நீளத்தாலும் உருளைகளின் எண்ணிக்கையாலும் பெருக்கினால் அது கிடைக்கும். நீர்ப்பம்பிகளுடன் பரவலாகப் பொருத்தப்படும் ஹொண்டா ஜீ.எக்ஸ். 160 எஞ்சினின் துளைவிட்டம் 6.8 சென்ரிமீற்றர், அடிப்பு நீளம் 4.5 சென்ரிமீற்றர், உருளை ஒன்று. கணித்துப் பாருங்கள்: சுமார் 163 கன சென்ரிமீற்றர் வரும். அதே வகையில் பெரியதான ஜீ.எக்ஸ். 390 இல் இவை 8.8, 6.4 சென்ரிமீற்றர்கள், கொள்ளளவு 389. துளைவிட்டம் வர்க்கிக்கப்படுவதால் அதில் ஏற்படும் சிறு மாற்றமும் விடையைப் பெரிதும் மாற்றும். மில்லிமீற்றரில் தந்திருந்தால் முதலில் அலகை மாற்றிக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கார்களில் நடந்த விவாதம்

சிறியதா, பெரியதா என்ற இந்த விவாதம் மிகத் தீவிரமாக நடந்தது அமெரிக்காவில், வேகக் கார்களைக் கட்டுவோரிடையே ஆகும். செவ்ரொலே நிறுவனம் 1955 இல் எட்டு உருளைகளைக் கொண்ட, இறுக்கமான, நிறை குறைந்த எஞ்சின் ஒன்றை வெளியிட்டது. 1965 இல் அதனைவிடப் பருமனான மற்றொரு தொகுதியை அறிமுகப்படுத்தியது. முன்னையதை "சிறு கட்டை" எனவும் பின்னையதைப் "பெரும் கட்டை" எனவும் கொள்ளலாம். கட்டை என்பது உருளைகள் அமைந்த வார்ப்புத் தொகுதியாகும்.

இங்கே கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. பெயரில் உள்ள "சிறு", "பெரும்" என்பன கொள்ளளவைக் குறிப்பனவல்ல, வார்ப்பின் பருமனைக் குறிப்பன. சிறு கட்டையில் அடுத்தடுத்த இரு உருளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரம் 111.8 மில்லிமீற்றர், பெரும் கட்டையில் அது ஏறத்தாழ 123 மில்லிமீற்றர். 1970 இல் வந்த சிறு கட்டை எஞ்சின் ஒன்றின் கொள்ளளவு சுமார் 6.6 லீற்றர். 1965 இல் வந்த பெரும் கட்டை எஞ்சினோ 6.5 லீற்றர்தான்! ஆனால் அந்தச் சிறு கட்டைக்குள் அவ்வளவு அகலமான உருளைகளை அடக்கியபோது உருளைகளுக்கிடையே குளிர்த்தும் நீர் செல்ல இடமில்லாமற்போய், அவற்றின் சுவர்களை ஒன்றாகவே வார்க்க வேண்டியதாயிற்று. இதனால் அந்த எஞ்சின் அளவுமீறிச் சூடாவது பற்றிய கவலை எப்போதும் இருந்தது.

சரி, எதனைத் தெரிவுசெய்வது? வலு என்பது முறுக்குவிசையும் சுழற்சிக் கதியும் சேர்ந்தது. பெரும் கட்டை குறைந்த சுழற்சியிலேயே பெரிய முறுக்குவிசையைத் தரும். சிறு கட்டையில் அடிப்பு நீளம் குறைவு, ஆகவே அதனை அதிக கதியில் சுழற்றலாம். 1967 இல் கமாரோ காருக்கெனச் செய்யப்பட்ட 4.9 லீற்றர் சிறு கட்டை எஞ்சினின் அடிப்பு நீளம் 76.2 மில்லிமீற்றர். நிமிடத்துக்கு 7000 சுழற்சியில் அதன் முசலத்தின் சராசரிக் கதி செக்கனுக்குச் சுமார் 17.8 மீற்றர். 7.4 லீற்றர்ப் பெரும் கட்டையின் அடிப்பு நீளம் 101.6 மில்லிமீற்றர், அதன் முசலம் 5250 சுழற்சியிலேயே அதே கதியை எட்டிவிடும். அதற்கு மேலே சுழற்றினால் முசலத்தின் மீதும் இணைப்புத்தண்டின் மீதும் சுமை விரைவாக ஏறும்.

அடுத்தது நிறை. இரும்பில் வார்க்கப்பட்ட பெரும் கட்டை, சிறு கட்டையைவிடச் சுமார் 50 கிலோகிராம் கூடியது. அந்த நிறை முழுவதும் காரின் முன்பக்கத்திலேயே தங்குவதால் வளைவில் திருப்புவது கடினம். நேர்கோட்டில் குறுகிய தூரம் ஓடும் போட்டிக்கு இது பெரிய குறையல்ல. வளைவுகள் நிறைந்த பாதையில் இது தோல்விக்கே காரணமாகலாம். கொள்ளளவை ஏறத்தாழ 5 லீற்றருக்கு மட்டுப்படுத்திய ட்ரான்ஸ்-ஆம் போட்டித் தொடரில் 1968, 1969 ஆகிய இரு ஆண்டுகளிலும் செவ்ரொலேக்கு வெற்றி தேடித் தந்தது சிறு கட்டை எஞ்சினே. போட்டியின் விதியும் பாதையும்தான் எஞ்சினைத் தீர்மானித்தன.

இனி நமது கிணற்றடிக்கு வருவோம்

செக்கனுக்கு 5 லீற்றர் நீரை 6 மீற்றர் உயரத்துக்கு ஏற்ற வேண்டுமெனக் கொள்வோம். தேவையான வலு 5 × 9.8 × 6 = 294 உவாற்று. பம்பியின் வினைத்திறன் பாதியென எடுத்தாலும் 600 உவாற்றுக்குக் குறைவே. மேலே கூறிய 163 கன சென்ரிமீற்றர் எஞ்சின் 3600 சுழற்சியில் 3.6 கிலோஉவாற்று தரவல்லது. அதாவது சிறியதே தேவையைப்போல் ஆறு மடங்கு! பெரிய எஞ்சினை வாங்கிக் குறைந்த சுமையில் ஓட்டினால், மூச்சை அடக்கி ஓடுபவனைப்போல, இறைக்கும் ஒவ்வொரு லீற்றர் நீருக்கும் அது அதிக எரிபொருளை எரிக்கும்.

பெரிய எஞ்சினுடன் பெரிய பம்பியும் வரும் என்பீர்கள். அப்படியானால் கிணற்றையும் கணக்கில் சேருங்கள். 2 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் 3 மீற்றர் ஆழத்துக்கு நீர் உண்டு, ஊற்று செக்கனுக்கு 3 லீற்றர் எனக் கொள்க (உண்மையில் நீர்மட்டம் தாழத் தாழ ஊற்று மாறும், கணக்குக்காக மாறாதெனக் கொள்கிறோம்). கிணற்றில் உள்ள நீர் சுமார் 9400 லீற்றர். செக்கனுக்கு 5 லீற்றர் இறைக்கும் பம்பி 78 நிமிடங்களில் கிணற்றை வற்றச் செய்யும். அதற்குள் தோட்டத்துக்கு 23500 லீற்றர் கிடைத்திருக்கும். 15 லீற்றர் இறைக்கும் பம்பியோ 13 நிமிடத்தில் கிணற்றை வற்றச் செய்துவிடும். கிடைப்பது 11750 லீற்றர், சரியாக அரைவாசி. பிறகு ஊறும்வரை மண்வெட்டியுடன் காத்திருக்க வேண்டியதுதான்.

இதனைவிடப் பெரிய ஆபத்து ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. களுதாவளை கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலம். மாரி மழையால் மணலுக்குள் இறங்கிய நன்னீர், பாரம் கூடிய உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப்போல் மிதந்து நிற்கிறது. இவ்வாறான நிலங்களில், கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது விதி. எனவே மேலே நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் நிரந்தரமாகத் தாழ்ந்தால், சமநிலையில் உவர்நீர் 4 மீற்றர் மேலேறும். வேகமாக இறைக்கும்போது கிணற்றுக்கு நேர் கீழே உவர்நீர் கூம்புபோல் எழும்பும். ஒரு முறை உவர்த்த கிணற்றை அடுத்த மாரிகூட உடனே திருத்திவிடாது. வெற்றிலைக் கொடிக்கு எஞ்சினின் பரிவலு தெரியாது, நீரின் உவர்ப்புத் தெரியும்.

ஆனால் "சிறியதே சிறந்தது" என்று மனனம் செய்துவிடாதீர்கள். வாவிக்கு அப்பால் படுவான்கரையில், நிறைந்து ஓடும் வாய்க்காலிலிருந்து பரந்த வயலுக்கு நீர் பாய்ச்ச வேண்டியிருந்தால் ஊற்று என்ற எல்லை அங்கே இல்லை. அங்கு பெரிய பம்பியும் அதற்கேற்ற எஞ்சினும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

பயிற்சி வினா: ஒரு கிணற்றின் விட்டம் 2 மீற்றர், நீரின் ஆழம் 2 மீற்றர், ஊற்று செக்கனுக்கு 4 லீற்றர். செக்கனுக்கு 4, 6, 12 லீற்றர் இறைக்கும் மூன்று பம்பிகளுள் நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் இடைவிடாது இறைக்க எதனைத் தெரிவுசெய்வீர்? கணித்துக் காட்டி, காரணத்தை மூன்று வரிகளில் எழுதுக.