மூட்டு வைத்தியர் உருவான கதை

இடுப்பு மூட்டையும் முழங்கால் மூட்டையும் மாற்றியமைக்கும் சத்திரசிகிச்சை நிபுணராவதற்கு எத்தனை ஆண்டுகள் படிக்க வேண்டும் என மாணவர் சிலர் வினவுவதுண்டு. பிரித்தானியாவில் வைத்தியக் கல்லூரியில் 5 ஆண்டுகள், பின்னர் ஆஸ்பத்திரிகளில் ஏறக்குறைய 10 ஆண்டுகள் எனக் கணக்குச் சொல்லலாம். ஆனால் இத்துறைக்கு வழிகாட்டிய ஜோன் சாண்லியின் வரலாற்றை நோக்கின், பரீட்சைகள் யாவும் முடிந்த பின்னரே அவருடைய கடினமான படிப்பு ஆரம்பித்தது என்பது புலனாகும்.

சாண்லி 1911இல் லங்காஷயரிலுள்ள பெரி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் மருந்துக்கடைக்காரர், தாயார் தாதி. மஞ்செஸ்டரிற் படித்து 1935இல் வைத்தியரானார். மறு ஆண்டிலேயே, 25 வயதில், அரச சத்திரவைத்தியர் கல்லூரியின் உயர்தகைமையையும் பெற்றார். பட்டறைக் கருவிகளிலும் அவருக்கு மிகுந்த ஈடுபாடு. 1946இல், எலும்பு ஒட்டு வளரும் விதத்தை அறிய விரும்பி, தம் கீழ்க்கால் எலும்பையே சக வைத்தியரைக் கொண்டு அறுக்கச் செய்தார். காயத்திற் கிருமி தொற்றிப் பெரிதும் அல்லலுற்றார். இதை வீரம் என்பாரும் உளர். விபரீதம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒருநாள் நோயாளி ஒருவர் விநோதமான முறைப்பாட்டுடன் வந்தார். அவருடைய இடுப்பிற் பொருத்தப்பட்டிருந்த செயற்கைப் பந்து, அவர் அசையுந்தோறும் கிரீச்சிட்டது. சத்தம் பொறாத மனைவி எழுந்து அப்பாற் போய்விடுவாராம். பிறர் நகைத்திருக்கக்கூடிய இச்செய்தி சாண்லியைச் சிந்திக்க வைத்தது. இடுப்பு ஒரு பந்துக்கிண்ண மூட்டு. உராய்வு மிகுந்தால் பொருத்திய பகுதி எலும்பிலிருந்து தளர்ந்துவிடும். ஆகவே சிறிய உருக்குப் பந்தும், வழுக்குந் தன்மை மிக்க டெப்லோன் கிண்ணமும் அமைத்து, விகனுக்கு அண்மையிலுள்ள ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியிற் பொருத்தத் தொடங்கினார். ஊன்றுகோலுடன் வந்தோர் வலியின்றி நடந்தனர். ஏறத்தாழ 300 பேர் பயன் பெற்றனர்.

சில ஆண்டுகளுள் டெப்லோன் தேய்ந்தது. தேய்ந்த துகள்கள் சூழவுள்ள தசையையும் எலும்பையும் கெடுத்தன. புகழின் உச்சியில் நின்றவருக்கு இதனிலும் பெரிய சோதனை வேறில்லை. தளர்ந்த மூட்டுகளைத் திறந்து மாற்றும் வேலையைச் சாண்லி பிறரிடம் தள்ளிவிடவில்லை, தாமே செய்தார்.

1962இல் விற்பனையாளர் ஒருவர் புதுவகைப் பொலித்தீன் துண்டொன்றைக் கொண்டுவந்தார். சாண்லி அதை நகத்தாற் கீறிப் பார்த்து ஒதுக்கிவிட்டார். அவருடைய பட்டறை வினைஞர் ஹரி கிரேவனோ, அவர் வெளிநாடு சென்றிருந்த சமயத்தில் அதைத் தேய்வு இயந்திரத்திற் பொருத்தி ஓடவிட்டார். மூன்று வாரம் இரவும் பகலும் ஓடியும், டெப்லோன் ஒரே நாளிற் தேயும் அளவுக்குக்கூட அது தேயவில்லை. வினைஞர் காட்டிய உண்மையைப் பேரறிஞர் தயங்காது ஏற்றார்; ஆயினும் உடனே நோயாளிகளிடம் விரையவில்லை. அப்பொருளின் துகள்களைத் தம் தொடையிற் செலுத்திப் பரிசோதித்தார். அவ்வாண்டு நவம்பரில் புதிய கிண்ணம் முதன்முறை பொருத்தப்பட்டது.

பின்னரும் அவசரத்தை அவர் அனுமதிக்கவில்லை. ரைட்டிங்டனுக்கு வந்து முறையைக் கற்றுச் செல்லாத வைத்தியருக்குத் தம் கருவியை விற்கவே முதலில் விடவில்லை. அங்கு பயின்ற கனேடியரான பிராங் கன்ஸ்டனே அதே உருக்கு, பொலித்தீன் முறையை முழங்காலுக்குக் கொண்டுசென்றார். 1982இல் சாண்லி மறையும் வரை பாடம் ஓயவில்லை: நோயாளிகள் பலர், தாம் இறந்தபின் அந்த மூட்டை எடுத்து ஆராயலாமென எழுதிக் கொடுத்திருந்தனர், பல ஆண்டுகள் நடந்து திரும்பிய கிண்ணங்கள் எவ்வளவு தேய்ந்துள்ளன என்று அளந்தவண்ணமே இருந்தார்.