நீர்ப்பிரி மேடும் குளக்கட்டும்: புளியங்குளத்தைச் சூழ்ந்த துவிச்சக்கரவண்டி வழிகள்

வன்னிப் பெருநிலத்தைச் சமதரை என்று விவரிப்பது நமது புவியியற் பாடநூல்களின் வழக்கமாகும். நாடு முழுவதையும் அடக்கிய படமொன்றில் நோக்கினால் அது தவறுமன்று. ஆயினும் ஓமந்தையிலிருந்து புளியங்குளம் வரை துவிச்சக்கரவண்டியில் சென்ற எவரும் அவ்விவரணத்தை முழுமையாக ஏற்கமாட்டார். மோட்டார் வண்டியிற் செல்வோர் கவனியாத மெல்லிய ஏற்றங்களையும் இறக்கங்களையும் மிதிப்பவரின் முழங்கால்கள் கணக்கெடுத்துக்கொண்டே செல்லும். அவ்வேற்ற இறக்கங்களே இப்பிரதேசத்தின் நீர், மண், பயிர், குடியிருப்பு ஆகிய யாவற்றையும் நிர்ணயித்துள்ளன. துவிச்சக்கரவண்டியைப் பொழுதுபோக்குச் சாதனமாக மட்டுமன்றி, நிலத்தை வாசிப்பதற்கான ஒரு கருவியாகவும் கருதி, புளியங்குளத்தை மையமாகக் கொண்ட வழிகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வவுனியா நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து வடக்கே கிளிநொச்சியை அடையும்போது நிலம் அவ்வுயரத்தின் பாதிக்கும் கீழே தாழ்ந்துவிடுகின்றது. இடைத்தூரம் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் ஆதலின், சராசரிச் சாய்வு கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் அளவே. இச்சராசரி நம்மை ஏமாற்றுவது. நிலம் ஒரே சீராகச் சரியவில்லை. நெடுங்காலத் தேய்வுக்குட்பட்ட தொன்மையான பளிங்குருப் பாறைத்தளத்தின்மேல் அலையலையாக எழுந்தும் தாழ்ந்தும் இறங்குகின்றது. புளியங்குளத்தைச் சூழ்ந்த வவுனியா வடக்கு மேட்டுநிலத்திலிருந்து ஆறுகள் பல திசைகளிற் பிரிகின்றன. கனகராயன் ஆறு வடக்கு நோக்கி இரணைமடுவுக்கும் அப்பாற் சுண்டிக்குளம் கடனீரேரிக்கும் செல்கின்றது. பேராறு வடகிழக்காக முத்தையன்கட்டுக் குளத்தை நிரப்பி நந்திக்கடலை நாடுகின்றது. வடமேற்கே செல்லும் பாலி ஆறு வவுனிக்குளத்தில் மறிக்கப்பட்டு, எஞ்சிய நீருடன் பாக்கு நீரிணையைச் சேர்கின்றது.

ஐரோப்பாவில் துவிச்சக்கரவண்டிச் சுற்றுலா வழிகள் பெரும்பாலும் ஆற்றைப் பின்பற்றியே அமைந்தன. ஜேர்மனியின் பஸ்ஸௌ நகரிலிருந்து வியன்னா வரை ஏறத்தாழ 300 கிலோமீற்றருக்குத் தான்யூப் ஆற்றங்கரை வழியே செல்லும் பாதை இதற்குப் பெயர்பெற்ற உதாரணமாகும். அங்கே ஆற்றுப் பள்ளத்தாக்கு சமமானது. அதற்கு வெளியே செல்வோரே மலையேற வேண்டும். வன்னியில் நிலைமை தலைகீழானது. இங்கு ஆண்டின் பெரும்பகுதியில் மணற்படுகையாகக் கிடக்கும் ஆறு, மார்கழியில் இரு கரைகளையும் மேவிப் பாய்வது. அதன் தாழ்நிலம் களிமண்ணாலானது. மழைக்காலத்திற் சில்லு புதையும். எனவே கண்டி - யாழ்ப்பாண வீதி ஆற்றைத் தொடரவில்லை. கனகராயன் ஆற்றுக்கும் பாலி ஆற்றுக்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்தைப் பெரிதும் ஒட்டியே செல்கின்றது. 1905 இல் முழுமைபெற்ற வடபகுதிப் புகையிரதப் பாதையும் அவ்வாறே. பள்ளத்தாக்கைக் காண விரும்பும் பயணி இப்பெருவழியை விட்டு இறங்கவேண்டும்.

அவ்வாறு இறங்குமிடத்து அவர் சந்திப்பது ஆற்றையன்று, குளத்தை. ஒரு சிறு பள்ளத்தாக்கிற் குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்து, மேற்குளத்தின் வான் நீரும் வயற் கழிவுநீரும் கீழ்க்குளத்துக்கு வந்துசேரும் குளத்தொடர் முறை இங்குள்ளது. இதன் குறுக்குவெட்டை மண்ணின் நிறத்தைக் கொண்டே அறியலாம். மேட்டில் பரற்கற்கள் கலந்த செங்கபில மண்ணும், பாலை, முதிரை, வீரை நிறைந்த காடும் உண்டு. சரிவில் வீட்டுத் தோட்டங்களும் மேட்டுப்பயிரும் அமையும். அடியில் நரைநிறக் களி, அங்கே வயல். சில்லுக்குக் கீழே கிரவல் ஒலி நின்று மண் மெத்தென்று அமுங்கத் தொடங்கினால் குளக்கட்டு அண்மையில் உள்ளதென்று கொள்ளலாம். குளக்கட்டு நீரை மறிப்பதோடு நில்லாமல் பள்ளத்தாக்கின் இரு சரிவுகளையும் இணைக்கும் பாலமாகவும் பயன்படுகின்றது. துருசின் மேலாகச் செல்லும் அவ்வொற்றையடிப் பாதையே வன்னிக் கிராமங்களின் பழைய குறுக்குவழியாகும்.

புளியங்குளத்திலிருந்து கிழக்கே நெடுங்கேணி செல்லும் வீதி இவ்வகையிற் சிறந்தது. மேட்டிலிருந்து புறப்படும் நீரோடைகளின் தலைப்பகுதிகளை இது குறுக்கறுத்துச் செல்வதால், ஒவ்வோர் இறக்கத்தின் அடியிலும் ஒரு மதகையும் அடுத்த ஏற்றத்தின் உச்சியில் ஒரு காட்டுத்துண்டையும் காணலாம். நெடுங்கேணியிலிருந்து ஒட்டுசுட்டான் செல்லும்போது பேராற்றின் வடிநிலத்துக்குள் நுழைகின்றோம். அருகே முத்தையன்கட்டு. 1960களின் பிற்பகுதியிற் படித்த இளைஞருக்குக் காணி வழங்கிய குடியேற்றத் திட்டங்களுள் இதுவும் ஒன்று. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மிளகாய்ச் செய்கை இங்கு ஈட்டித்தந்த வருவாய் நமது பொருளாதார ஆய்வாளரின் தனிக்கவனத்துக்குரியது. ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில், 1803 இல் ஆங்கிலேயப் படையை எதிர்த்துப் பொருத பண்டாரவன்னியனின் நினைவுக்கல் உள்ளது. அப்பால் தண்ணீரூற்று, முள்ளியவளை வழியாக முல்லைத்தீவுக் கடற்கரையை அடையலாம். மேட்டில் புறப்பட்டவர் நீரோடு நீராகக் கடலை அடைகின்றார் எனலாம். வடக்கே கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, இரணைமடு என்று செல்லும் வழி யாவரும் அறிந்தது, விரிக்கவேண்டியதில்லை.

இவ்வழிகளிற் பெயர்ப்பலகைகளே ஒரு நீரியல் அகராதியாக விளங்குகின்றன. மடு என்பது ஆழமான நீர்நிலை, மோட்டை சிறு நீர்த்தேக்கம், கேணி தோண்டப்பட்டது, கட்டு மறிக்கப்பட்டது, முறிப்பு உடைந்த கட்டை நினைவூட்டுவது. இரணைமடு என்ற பெயரில், ஒரே குளமாவதற்கு முன்பிருந்த இரட்டை மடுக்கள் இன்னும் வாழ்கின்றன. இச்சொற்களை அறிந்த பயணிக்கு அடுத்த இறக்கத்தில் நீர் உண்டா என்பதைப் பெயரே ஓரளவு முன்னறிவிக்கும்.

பருவத்தைப் பொறுத்தவரை, ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்று மழை கொணர்வதால், வான் பாயும் இடங்களிற் பாதைகள் துண்டிக்கப்படும். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் பட்ட பாடு அண்மைக்கால உதாரணம். காலபோக அறுவடை நடைபெறும் மாசி, பங்குனியே உகந்தவை. ஆனி, ஆடியிற் சோளகம் வடக்கு நோக்கிச் செல்பவரை முதுகில் தள்ளும். திரும்பி வருபவரிடம் அதற்கு வட்டியும் அறவிடும்.

இதுவரை கூறியவை பௌதிகம் சார்ந்தவை. ஆனால் இப்பிரதேசத்தில் ‘வழி’ என்ற சொல்லை அரசியலினின்று பிரித்தெடுத்தல் இயலாது. 1990 இல் போர் மீண்டும் மூண்டதும் புகையிரதம் நின்றது. பொருளாதாரத் தடையால் எரிபொருளும் மின்கலமும் அரிதாயின. அவ்வாண்டுகளில் வன்னியின் பொருளாதாரம் பெருமளவுக்குத் துவிச்சக்கரவண்டியின் கரியரிலேயே தங்கியிருந்தது. விறகும் நெல்லும் நோயாளரும் அதன்மேலேயே சென்றனர். சில்லைக் கையாற் சுழற்றி, தைனமோவின் மின்னைக்கொண்டு வானொலி கேட்ட வீடுகள் பல. 1997 மே மாதத்தில் தொடங்கிய ‘ஜயசிக்குறு’ இராணுவ நடவடிக்கை இவ்வீதியைக் கைப்பற்றுவதையே நோக்காகக் கொண்டது; புளியங்குளம் மாதக்கணக்கில் அதன் போர்முனையாயிற்று. குடிமக்கள் பெருவீதியை விட்டுக் காட்டுப்பாதைகளாலும் குளக்கட்டுகளாலும் உடைமைகளைத் தள்ளிச்சென்றனர். இன்று ஒரு சுற்றுலாப் பயணி இயற்கை எழில் என்று வியக்கும் அதே ஒற்றையடிப்பாதை, அங்குள்ள ஒரு தாய்க்கு இடப்பெயர்வின் வழி. 2002 இற் போர்நிறுத்த உடன்பாட்டின்பின் வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மூடியது. 2009 மே மாதத்திற் போர் முடிந்தபின்னரே மீளத் திறக்கப்பட்டது. புகையிரதம் 2013 இற் கிளிநொச்சியையும் 2014 இல் யாழ்ப்பாணத்தையும் மீண்டும் அடைந்தது.

போரின் எச்சம் வழித்தெரிவையும் பாதிக்கின்றது. இலங்கை 2017 இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அகற்றும் பணி பெருமளவு நிறைவேறியுள்ளது. எனினும் வன்னியில், தேய்ந்த தடத்தை விட்டுப் புதருக்குள் புதுவழி தேடுதல் தவிர்க்கப்படவேண்டியது. மாலை மயங்கியபின் யானையும் அதே அறிவுரையை வழங்கும். நெடுங்கேணிக்கு அண்மையில் ஒலுமடுவில் உள்ள வெடுக்குநாறிமலை இப்பக்கத்தில் அரிதாகத் தென்படும் பாறைக்குன்று. ஏறிநின்றால் காட்டின் அலைவடிவம் தெளிவாகும். ஆனால் அங்குள்ள ஆலய வழிபாடு குறித்துத் தொல்லியல் திணைக்களத்துடன் நீடித்த முரண்பாடு உண்டு. 2023 மார்ச்சில் அங்கிருந்த விக்கிரகங்கள் சேதமாக்கப்பட்டுக் கிடந்தன. 2024 சிவராத்திரியன்று வழிபட்டோர் கைதாயினர். காட்சிமேடை என்று மட்டும் கருதி அதனை ஒரு வழிப்படத்திற் குறிப்பவர், குறிக்காமல் விட்டது அதிகம்.

ஆகவே இங்கு துவிச்சக்கரவண்டி வழிகளை வகுக்க முனைவோர் வெற்றுத்தாளில் தொடங்கமுடியாது. வழிகள் ஏற்கெனவே உள்ளன. வயலுக்கும் பாடசாலைக்கும் சந்தைக்கும் செல்வோர் அவற்றை நாள்தோறும் மிதிக்கின்றனர். 80 ஹெக்டேயருக்கு மேற்படாத வயற்பரப்புக்கு நீர்பாய்ச்சும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பிலும், அன்றாடப் பராமரிப்பிற் கமக்காரர் அமைப்புகளின் கையிலும் உள்ளன. அவ்வமைப்புகளின் இசைவின்றிக் குளக்கட்டைச் சுற்றுலாப் பாதையாக்குதல் முறையன்று. துவிச்சக்கரவண்டியாற் கட்டுக்குத் தீங்கில்லை. அதனைத் தொடர்ந்துவரும் வாகனங்களாலேயே கட்டின் தலைப்பு தேய்ந்து தாழும். தாழ்ந்த இடத்தாலேயே மார்கழி வெள்ளம் கட்டை உடைக்கும். அவ்வுடைப்பை அடைக்க மண் சுமப்பவர்கள் வழிப்படம் வரைந்தவர்கள் அல்லர், கீழ்வயல்காரரே.